முதல் அரிவாள்

அடுகோடி, பெங்களூர்
11 ஜனவரி 2004

அன்புள்ள தேஜு அப்பாவுக்கு,

பிரபா எழுதுவது. இந்தக் கடிதம் மூன்று வாரத்துக்கு முன்பே நைரோபி வந்து சேர்ந்திருக்க வேண்டும். தேஜுவுக்குக் காய்ச்சல், அப்புறம் எனக்குக் காய்ச்சல், அதற்குள் கீழ்வீட்டு பிரிஜெட் அக்கா வீட்டில் கிறிஸ்துமஸ் என்று காரணம் சொல்லலாம். நிஜக் காரணம் வேறு. எழுத உட்கார்ந்தால் கோபம் வருகிறது. கோபத்தோடு எழுதினால் நன்றாக இருக்காது என்று பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். இன்றைக்கும் கோபம் போகவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய பெரிய கவர் வந்தது. மேடையில் கோட்டுப் போட்டு நிற்கிற உங்கள் போட்டோவைத் தேஜுவிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "இந்த அங்கிள் யாரு" என்று கேட்டாள். பிரிஜெட் அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் போய் ஆறு மாதம்தான் ஆகிறது. குழந்தைக்கு அது எவ்வளவு நீளம் பாருங்கள்.

உங்கள் கட்டுரையையும் படித்தேன். மழை பொய்க்கிற நாடுகளில் பசியைத் தடுக்க அரசாங்கங்கள் என்ன செய்ய வேண்டும் என்று இருபது பக்கம். ஐந்தாம் பக்கத்தில் நம் கீழ்வயல் போட்டோ. நவம்பரில் ஊருக்குப் போயிருந்தபோது நான் எடுத்தது. அதற்குக் கீழே அட்டவணையில் நீங்கள் கொடுத்த புது ராகி விதையின் விளைச்சல், ஐந்து மீட்டர் சதுரத்துக்கு ஏழு கிலோ நானூறு கிராம். அதுவும் நான் தராசுப் பக்கத்தில் நின்று பார்த்து உங்களுக்கு எழுதிய எண்தான். பி.எஸ்ஸி. புள்ளியியல் படித்து வீட்டில் உட்கார்ந்திருப்பவளுடைய எண் ஒன்று நைரோபிவரை போய் அச்சாகியிருக்கிறதே என்று இரண்டு நாள் பெருமையாகத்தான் இருந்தது.

இனிக் கோபத்துக்கு வருகிறேன். வறட்சிப் பட்டியல் வந்துவிட்டது. தாலுகாவைப் பிரித்த ஹோபளிகளில் சுற்றியுள்ளவை எல்லாம் இருக்கின்றன, நம் ஊர் அடங்கியது மட்டும் இல்லை. மூன்றாவது வருஷமாக மழை இல்லை. ஆகஸ்டில் ஒருநாள் பெய்தது, அதோடு சரி. மேட்டு வயல்களில் ராகி முழங்கால் உயரத்தில் கருகி நின்றதை நானே பார்த்தேன். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் மாடுகளுக்குத் தீவன முகாம் கிடையாது, வேலைக்கு அரிசி கொடுக்கிற திட்டம் கிடையாது, பயிர்க் காப்பீடும் கிடையாது. ரேஷனில் பாதி அரிசியும் பாதி கோதுமையும் போடுகிறார்கள். ராகி தின்கிற ஊருக்குக் கோதுமை. அத்தை அதில் ராகிக் களி மாதிரி முத்தை கிண்டிப் பார்த்தாராம். போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி வந்தது என்றார்.

நம் வயலுக்குப் பக்கத்து வயல் அய்யாவு அண்ணன், இரண்டு மாட்டையும் விற்றுவிட்டார். வாங்கின ஆள் உழவுக்கு வாங்கவில்லை என்று தெரிந்தேதான் விற்றார். மாமாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். ஏன் என்று மாமாவுக்குப் புரியவில்லையாம். போனில் என்னிடம் மறுபடி மறுபடி அதையே சொன்னார்.

இங்கே உங்கள் பழைய விவசாய ஆபீஸில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்களே. நம் ஹோபளி எப்படி விட்டுப்போனது என்று யாரிடமாவது கேட்டு எழுதுங்கள். இந்த மாதிரி விஷயத்தில்தானே நீங்கள் பெரிய ஆள்.

தேஜுவின் எடை பத்து கிலோ இருநூறு. இரண்டே முக்கால் வயதுக்கு இது போதாது என்று டாக்டர் அட்டையில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டார். சோறு ஊட்டினால் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். ராகிக் கஞ்சி மட்டும் குடிக்கிறாள். அன்றைக்கு எடைபோட்டு முடிந்ததும் அந்த ஏழு கிலோ ராகியையும் மாமா நம் கையில் கொடுத்தார் என்று எழுதினேன் இல்லையா, அதுதான் ஓடுகிறது. முதல் அரிவாள் தானியம் வீட்டுக் குழந்தைக்குத்தான் போக வேண்டும் என்று அத்தை என் முந்தானையில் கொட்டினது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. யார் முகத்தையும் பார்க்கத் தெம்பில்லை. நீங்கள் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பதில் சீக்கிரம் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும்
பிரபா


அடுகோடி
1 பிப்ரவரி 2004

அன்புள்ள தேஜு அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பட்டியல் விஷயத்தில் ஏதோ எழுத்துப் பிழை இருக்கும், நீங்கள் வந்ததும் கேட்கலாம் என்று இரண்டு வரி. மீதி மூன்று பக்கம் அங்குள்ள மக்களும் கேழ்வரகு தின்கிறார்கள் என்பதைப் பற்றி. படிக்கச் சுவையாகத்தான் இருந்தது. ஆனால் நீங்கள் வருவது ஜூனில். ஜூனில் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதனால் புதன்கிழமை தேஜுவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே தாலுகா ஆபீஸுக்குப் போனேன். எனக்கு அங்கே யாரைத் தெரியும். மூன்று ஜன்னல் மாறி, நான்காவதில் ஒரு கிளார்க் அம்மா, தேஜு அழுத அழுகையைத் தாங்காமல், ஃபைலை எடுத்து மேஜைமேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். அது எனக்காகத்தான் என்று பிறகு புரிந்தது.

ஒரே ஒரு தாள்தான். நம் ஹோபளியில் சீட்டுப் போட்டு எடுத்த பத்து வயல்களில் ஐந்து மீட்டர் சதுரம் அறுத்து எடைபோட்ட கட்டிங் கணக்கு. பத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்து வருகிற சராசரி ஒன்றரை கிலோவுக்குக் கீழே இருந்தால் வறட்சி, மேலே இருந்தால் வறட்சி இல்லை. ஒன்பது வயல்களும் சேர்ந்து ஒன்பது கிலோ. பத்தாவது ஏழு கிலோ நானூறு. சராசரி ஒன்று அறுபத்து நாலு. நான் அந்த எண்ணை ஒருதரம்தான் பார்த்தேன். உடனே யாருடையது என்று தெரிந்துவிட்டது. என் கையெழுத்தை வேறொருவர் வீட்டில் பார்த்த மாதிரி இருந்தது.

எந்த வாத்தியாரும் முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பார், இந்த மாதிரி ஒரு எண் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் சராசரியை நம்பாதே, போய் அந்த வயலைப் பார் என்று. யாரும் போய்ப் பார்க்கவில்லை. மழை பெய்யாத ஊரை, ஒரு வயல் மழை பெய்ததாக மாற்றிவிட்டது. எங்கள் கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடினபோதும் அப்பாவின் முப்பது வருஷத்தை இப்படித்தான் ஒரு தாளில் ஒரு வரியில் முடித்தார்கள். அன்றைக்கு யாரோ எழுதின வரி. இது என் வீட்டு வரி.

கட்டிங் எடுத்த விவசாய அதிகாரி சுந்தரேசன் சாரையும் வாசலில் பார்த்தேன். நம் வீட்டில் அன்றைக்கு அவரைக்காய்ச் சாறும் முத்தையும் சாப்பிட்டவர். அடையாளம் தெரிந்து தேஜுவின் கன்னத்தைத் தட்டினார். நான் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "மேடம், சீட்டுல வந்த சர்வே நம்பர் அதுதான். மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே நம்பர். ரெக்கார்டுல வானம் பார்த்த பூமின்னுதான் இருக்கு. நான் தப்பா ஒண்ணும் எழுதலை" என்றார். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, "பெரியவர் அவ்வளவு ஆசையா கூப்பிடும்போது மேட்டுல போய் நின்னு இங்கதான் அறுப்பேன்னு எப்படிம்மா சொல்றது" என்றார். பாவமாக இருந்தது. திட்டவும் முடியவில்லை.

அன்றைக்கு நானும் இருந்தேனே. இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. நம் வீட்டில் அதற்குள் அறுப்புத் தொடங்கவில்லை. மறுநாள்தான் பால் தெளித்துப் பூஜை செய்து தொடங்குவதாக இருந்தது. சுந்தரேசன் சாரும் ஆட்களும் கயிறும் நான்கு முளையும் எடுத்துக்கொண்டு மேட்டு வயலில் இறங்கப் போனார்கள். மாமா குறுக்கே போய் நின்றுகொண்டார். வருஷத்தின் முதல் அரிவாளைக் கருகின பயிரில் வைக்கக் கூடாது, வைத்தால் அடுத்த வருஷமும் கருகும் என்று சொன்னார். அத்தை உள்ளேயிருந்து பால் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். எல்லோரும் கீழ்வயலுக்கு நடந்தோம். உங்கள் விதை அங்கேதான் விதைத்திருந்தது. பச்சையும் பழுப்புமாகக் கதிர் கனத்து நின்றது. நான் கேமராவை எடுத்தேன். எனக்கும் பெருமையாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

தாலுகா ஆபீஸிலிருந்து நேரே ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். மாமாவிடம் தாளில் பார்த்ததைச் சொன்னேன். முதலில் புரியாமல், "நல்லா விளைஞ்சா தப்பா" என்று கேட்டார். ஒரு குச்சியால் மண்ணில் பத்துக் கோடு போட்டுக் காட்டினேன். பத்தாவது கோட்டை நீளமாகப் போட்டதும் புரிந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். "சயின்டிஸ்ட் வூட்டு வயலு கருகிக்கினு கீதுன்னு எழுதிக்கினு போவட்டும்னு விடச் சொல்றியாம்மா" என்றார். அத்தை, "புள்ள பேரு போயிடும்னுதாம்மா அவரு பயந்தாரு" என்று அழுதார்.

அதற்கப்புறம் மாமா சொன்னதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுவதா வேண்டாமா என்று நான்கு நாளாக யோசித்தேன். அக்டோபரில் நீங்கள் போன் செய்து, விதை சாகக் கூடாது, இரண்டு டேங்கர் தண்ணீர் விடுங்கள் என்று சொன்னீர்களாம். மாமா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தூரத்தில் இருந்தும் மகன் வயலை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று பெருமையாகத்தான் சொன்னார். இரண்டு போதவில்லை என்று அவராகவே மூன்றாவதும் விட்டாராம். அய்யாவு அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவர் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று எனக்கு இப்போது தெரியும். பஸ் ஸ்டாப்பில் என்னிடமே கேட்டார், "உங்க வூட்டு வயலுக்கு மட்டும் தனியா மழை பேஞ்சுதாமேம்மா, எங்க வூட்டு அட்ரஸையும் குடுத்து வையேன்" என்று. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், வேறு என்ன செய்வது.

உங்கள் கட்டுரையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அட்டவணைக்கு மேலே, பாசனம் இல்லாமல் விளைந்தது என்று இருக்கிறது. நீங்கள் மறந்திருக்கலாம். அத்தனை வேலையில் பல விஷயம் மறந்துபோகும். போட்டோவும் பார்த்தேன். என் ஆல்பத்தில் இருக்கிற பிரதியில் இடது ஓரத்தில் வரப்பின்மேல் ஒரு கறுப்புக் குழாய் கிடக்கிறது. அச்சில் அந்த ஓரம் இல்லை. இடம் போதாமல் வெட்டியிருப்பார்கள்.

கடைசிப் பக்கத்தில், வறட்சி தாங்கும் விதை பரவுகிற இடங்களில் அரசாங்கங்கள் நிவாரணத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் கேட்காமலேயே நம் ஹோபளியில் குறைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது இதைப் பற்றிப் பேசுங்கள். கீழே போன் இருக்கிற பிரிஜெட் அக்கா ஹாலில் டி.வி. ஓடும், பரவாயில்லை, நான் கேட்டுக்கொள்கிறேன். திருத்தம் கேட்டு மனுக் கொடுக்க மார்ச் பதினைந்துவரை நேரம் இருக்கிறது.

தேஜு பத்து கிலோ நானூறு. அந்த ராகிதான்.

பிரபா


அடுகோடி
22 பிப்ரவரி 2004

அன்புள்ள தேஜு அப்பாவுக்கு,

போனில் நீங்கள் சொன்னதை எல்லாம் கேட்டேன். பதில் சொல்லுமுன் லைன் போய்விட்டது. நீங்கள் மறுபடி கூப்பிடவில்லை. போன வாரமும் கூப்பிடவில்லை. வேலையாக இருந்திருப்பீர்கள். அதனால் பதிலை எழுதி அனுப்புகிறேன்.

இப்போது போய் இதைக் கிளறாதே, ஜூனில் வந்து நானே பார்த்துக்கொள்கிறேன் என்றீர்கள். மே மாதத்தோடு நிவாரணம் முடிந்துவிடும்.

டேங்கர் விட்டது பயிரைக் காப்பாற்ற மட்டும்தான், விதை நல்ல விதைதான் என்றீர்கள். இருக்கலாம். நான் விதையைக் குறை சொல்லவில்லை. மூன்று டேங்கர் தண்ணீர் கிடைத்திருந்தால் அய்யாவு அண்ணனின் பழைய விதைகூட என்ன செய்திருக்கும் என்று நமக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதிவிட்டோம் என்றுதான் சொல்கிறேன்.

ஒரே ஒரு ஹோபளியைப் பார்க்காதே, இந்த விதை பத்து நாட்டுக்குப் போகப்போகிறது, எத்தனை லட்சம் பேர் பசி தீரும் யோசித்துப் பார் என்றீர்கள். யோசித்தேன். பத்து நாட்டுக்கும் டேங்கர் போகுமா என்று கேட்க வாயெடுத்தேன், அப்போதுதான் லைன் போனது.

நீ எழுதின எண்தானே என்றும் சொன்னீர்கள். அதுதான் சரியாகக் குத்தியது. ஆமாம், நான் எழுதின எண்தான். தராசு முள்ளை நான் சரியாகத்தான் படித்தேன். அந்த வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாமா அன்றைக்கே சொல்லியிருப்பார். அவருக்கு ஒளிக்கத் தெரியாது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கதவைத் தட்டினது யார் என்று நினைக்கிறீர்கள். அய்யாவு அண்ணன் சம்சாரம் கோமளம். இடுப்பில் சின்னவன். ஓசூர் ரோட்டில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று கட்டுகிறார்களே, அங்கே புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சிமெண்ட் கலக்க வந்து இரண்டு வாரம் ஆகிறதாம். தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, எந்த டாக்டரிடம் போகலாம் என்று கேட்டு, ஊரில் விலாசம் வாங்கி வந்திருக்கிறாள். "அண்ணி, உங்களாண்ட வரக் கூடாதுன்னு அவரு சொன்னாரு. நான் சொல்லாம வந்துட்டேன்" என்றாள்.

நம் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். தேஜுவை எடைபோடுகிற அதே தராசில் அவனையும் உட்காரவைத்தார்கள். ஏழு கிலோ முந்நூறு. ஒன்றரை வயது. தராசு முள் நின்ற இடத்தைக் குனிந்து மறுபடி படித்தேன். கோமளம், "என்னா அண்ணி, ரொம்பக் கம்மியா" என்று கேட்டாள். கொஞ்சம் கம்மி என்றேன்.

வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சினேன். வேறு என்ன இருக்கிறது, அந்த டப்பா ராகிதான். டாக்டர் மருந்தோடு இதையும் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். கோமளம் ஒரு வாய் ருசி பார்த்தாள். பார்த்ததும், "இது எந்த வயல் ராகி அண்ணி, நம்ம ஊர் மண்ணு வாசனை அடிக்குதே" என்றாள். கடையில் வாங்கினது என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை, தானாக வாயில் வந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டு மகனுக்கு ஊட்டினாள். பிறகு தேஜுவுக்கும் அவளே ஊட்டினாள். என்னிடம் கால்மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்காருகிறவள், அவள் கையில் ஒரு கிண்ணம் முடித்தாள். "அம்மாகிட்ட மட்டும்தான் வேசமா" என்று கோமளம் கேட்டதற்குத் தேஜு சிரிக்கிறாள்.

அவர்கள் போனபிறகு சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். உங்கள்மேல் அத்தனை நாள் கோபப்பட்டேனே, நீங்கள் ஏன் அந்த ஒரு வரியை அப்படி எழுதினீர்கள் என்று. கேட்கிற ஆள் எதிரில் உட்கார்ந்து கேட்டபோதே என்னால் நிஜத்தைச் சொல்ல முடியவில்லை. உங்களை யாரும் கேட்கக்கூட இல்லை. அது எவ்வளவு சுலபமாக நடந்திருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆனால் சுலபம் என்று தெரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை.

மறுநாள் டப்பாவில் மீதி இருந்த ராகியை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போனேன். அய்யாவு அண்ணன் தலையில் துண்டு கட்டி மணல் சலித்துக்கொண்டிருந்தார். இது உங்கள் வேலிக்குப் பக்கத்து வயல் ராகி, கட்டிங் எடுத்த ராகி, நேற்று உங்கள் சம்சாரத்திடம் பொய் சொன்னேன் என்று அவரிடமே சொன்னேன். வாங்குவாரோ மூஞ்சியில் எறிவாரோ என்று பயந்தேன். பையை வாங்கி எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்தார். "ஒரு ஊர் சோத்தைத் தின்ன ராகி, இம்மாந்தான் இருக்குதா" என்றார். பையைக் கோமளத்திடம் கொடுத்துவிட்டு மறுபடி சலிக்கப் போய்விட்டார்.

அன்றைக்கே தாலுகா ஆபீஸுக்குப் போய் அந்தக் கிளார்க் அம்மாவிடம் கேட்டேன். அறுத்தது தண்ணீர் பாய்ச்சின பாகம் என்று வயல்காரர் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களாம். ஆனால் வெறும் விவசாயி வார்த்தையை மேலே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நிவாரணத்துக்காகச் சொல்கிறான் என்பார்கள் என்றார். அது சோதனை விதை போட்ட வயல், விதை கொடுத்த ஆபீசர், அதாவது நீங்கள், தண்ணீர் விட்டதை ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால், பத்தாவது வயலை எடுத்துவிட்டு ஒன்பதை வைத்துச் சராசரி போட்டுவிடுவார்கள். அது ஒரு கிலோ. பட்டியலில் பெயர் வந்துவிடும்.

மனுவை நானே எழுதினேன். இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். எங்கும் உங்களைக் குறை சொல்லவில்லை, இரண்டு தடவை படித்துப் பாருங்கள். அக்டோபர் மாதத்தில் இந்த வயலுக்கு மூன்று டேங்கர் தண்ணீர் விடப்பட்டது என்று மட்டும் இருக்கிறது. யார் சொல்லி என்று இல்லை. இந்த எண் அச்சில் போய்விட்ட உங்கள் கட்டுரையை என்ன செய்வது என்பது நீங்களும் உங்கள் ஆராய்ச்சி நிலையமும் பேசிக்கொள்ள வேண்டியது. அதில் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் இந்தக் கையெழுத்தைப் போட்டால் அந்த வரி அங்கே நிற்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

மாமா கோவிந்தப்பா என்று கன்னடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். போடுமுன், "அவனுக்கு வேலைக்கு ஒண்ணும் வராதில்லம்மா" என்று ஒரே ஒருதரம் கேட்டார். தெரியாது மாமா என்றேன். பேனாவை வாங்கிப் போட்டார். கடைசியில் எடை பார்த்த சாட்சி என்று என் பெயர். இரண்டுக்கும் நடுவில் உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

மார்ச் பதினைந்து திங்கட்கிழமை. மதியம் ஒரு மணிவரை மனு வாங்குவார்கள். காலை பஸ்ஸில் தேஜுவைக் கூட்டிக்கொண்டு போய் நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். அதற்குள் உங்கள் கவர் வந்திருந்தால் அந்தப் பிரதியைக் கொடுப்பேன். வராவிட்டால் என் கையில் இருக்கிற பிரதியை, நடுவில் இடம் காலியாக இருக்கிறபடியே, கொடுத்துவிட்டு வருவேன். பன்னிரண்டரைக்குமேல் காத்திருக்க மாட்டேன்.

அங்கே மழைக்காலம் தொடங்கப்போகிறது என்று எழுதியிருந்தீர்கள். குடை எடுத்துப் போங்கள். நனைந்த தலையோடு படுக்காதீர்கள்.

இன்று காலை தேஜுவிடம் மேடையில் நிற்கிற அந்தப் போட்டோவை மறுபடி காட்டினேன். யார் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே அப்பா என்றாள். அவள் வளர்ந்து அந்த ஐந்தாம் பக்கத்தைப் படிக்கிற நாளிலும் அதே குரலில் அப்படிச் சொல்ல வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் தினமும் விளக்கு ஏற்றுகிறேன்.

உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்
பிரபா